நம்மைப் போலவே பேசினார்கள்

எனக்கு அறந்தாங்கிப் பக்கம். கண்மாய்ப் பாசனம். மடையைத் திறந்து வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்ச நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். கடைசி வயலுக்குத் தண்ணி வரலைன்னா தாத்தா வரப்பில் நின்றே அவரைச் சத்தம் போடுவார். அறுவடையானதும் களத்துமேட்டில் அவருக்கான நெல்லை அளந்து கொடுத்த பிறகுதான் மூட்டை வீட்டுக்கு வரும்.

2021-ல் நானும் ஒருவரைச் சத்தம் போட்டேன். நெல் எதுவும் அளக்காமல்.

அலுவலகத்தில் நாங்கள் பயன்படுத்திய ஒரு ஓப்பன் சோர்ஸ் தொகுப்பு. சம்பளமில்லாமல் ஒரே ஆள் பராமரிப்பது. ஒரு திருத்தம் நான்கு மாதமாகச் சேர்க்கப்படாமல் கிடந்தது. "இந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறதா? நேரமில்லை என்றால் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடலாமே" என்று எழுதினேன். நாகரிகமாகத்தான் எழுதியதாக நினைப்பு. எட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

அப்புறம் 2024 மார்ச் 29 வந்தது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய தனியாளாகக் கவனித்துவந்தவர் லாஸ்ஸே கோலின். 2022-ல் ஜிகார் குமார், டென்னிஸ் என்ஸ் என்ற பெயர்களில் அவருக்கு மடல்கள் வந்தன. வேலை தேங்குகிறது, பராமரிப்பாளரை மாற்றுங்கள் என்று. இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை, எனக்கு நீண்டநாள் மனநலப் பிரச்சினையும் இருக்கிறது என்று கோலின் பதில் எழுதினார். நெருக்கடி நிற்கவில்லை. கூடவே பொறுமையாக உதவிக்கொண்டிருந்த ஜியா டானுக்குப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்தது அந்தப் பெயர்தான். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாகுதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் குடைந்து பார்த்ததில் அது வெளியே வந்தது. ஜியா டான் யாரென்று இன்னும் தெரியாது. குமாரும் என்ஸும் போலிப் பெயர்கள் என்றே பலரும் கருதுகிறார்கள்.

அந்த மடல்களைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஏறக்குறைய என் வாக்கியங்கள். அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் வராததில் ஆச்சரியமே இல்லை. ஓசியில் வாங்கியதற்கு அதட்டிக் கணக்குக் கேட்பது இங்கே தினசரிப் பேச்சு. நம்ம சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவனை யார் நிறுத்துவார்?

"பொதுவில் வச்சிட்டா பொறுப்பு வராதா? எத்தனை பேர் அதை நம்பியிருக்காங்க?" என்றான் நண்பன். பாதி ஒத்துக்கொள்கிறேன். உத்தரவாதம் இல்லை என்று உரிமத்தில் எழுதிவிட்டால் சட்டம் விட்டுவிடும், மனசு விடாது. பிறர் நம்பும் ஒன்றைத் தாங்க முடியாமல் போனால் முடியவில்லை என்று சொல்லும் கடமை உண்டு. ஆனால் கோலின் அதைத்தானே சொன்னார்? சொன்னதையே பிடியாக்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் அவருடைய ஞாயிற்றுக்கிழமை மதியத்தைக் கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் நிறுவனம் அந்தத் தொகுப்பை வைத்துச் சம்பாதித்தது. எனக்கும் அதில் சம்பளம் வந்தது. அவருக்குப் போனது என் மடல் மட்டும்.

போன மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "மன்னிக்கவும், இந்த வாரம் பார்க்கிறேன்" என்று என் மடலுக்குக் கீழே அவர் எழுதியிருக்கிறார். அவர் ஊர்க் கணக்குக்கு அப்போது இரவு இரண்டு மணி. திருத்தமும் இரண்டே நாளில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பதிலை இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறேன்.