இலையைக் கேட்டவர் யார்?

கோடை விடுமுறையில் ஒரு முற்பகல். பங்கு இல்லத்தில் அமர்ந்து ஞாயிறு மறையுரைக்குக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தேன். கோவில் மண்டபத்திலிருந்து இடைவிடாத தட்டல் ஓசை. பெஞ்சுகளைச் செப்பனிடத் தச்சர் வந்துவிட்டார் போலும் என்று எண்ணி எழுந்து போனேன். தச்சரைக் காணோம். விடுமுறை மறைக்கல்விக்கு வந்திருந்த பிள்ளைகள் தரையில் அமர்ந்து, சிலர் சுத்தியலாலும் சிலர் கூழாங்கல்லாலும் காகிதத்தைத் தட்டிக் கொண்டிருந்தார்கள்.

வகுப்பை நடத்திய அருட்சகோதரி செய்முறையை விளக்கினார். கனத்த ஓவியக் காகிதத்தின்மேல், அப்போது பறித்த இலையையோ பூவையோ விரித்து வைக்க வேண்டும். மெல்லிய தாள் ஒன்றால் அதை மூடி, ஓரத்திலிருந்து தொடங்கி ஓரிடமும் விடாமல் சீராகத் தட்ட வேண்டும். அந்த அடியில் இலையின் உயிரணுச் சுவர்கள் உடைகின்றன; உள்ளிருக்கும் பச்சையம் கசிந்து காகிதத்தில் ஊறுகிறது. நீர் மிகுந்த இலை குழம்பிவிடும். உலர்ந்த இலை ஒன்றும் தராது. அடி மிஞ்சினால் காகிதமே கிழியும். ஒரு சிறுமி தாளை நீக்கி, நசுங்கிய சக்கையை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தாள். முருங்கை இலைக்கொத்து ஒன்று நரம்புகளோடு பச்சையாகக் காகிதத்தில் படிந்திருந்தது. அருகே ஒரு சங்குப்பூ நீலமாக விரிந்திருந்தது. எனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொண்டேன்.

இலையைப் பதிவெடுக்கும் ஆசை பழையது. லியோனார்தோ தா வின்சியின் குறிப்புத் தொகுப்பான கோடெக்ஸ் அட்லான்டிகஸில் ஓர் இலையின் பதிவும், அதை எடுக்கும் முறையும் உள்ளன. கர்தினால் பெதெரிகோ பொரோமேயோ நிறுவி, 1609-இல் திறந்து வைத்த மிலான் நகரின் அம்புரோசியானா நூலகம் அத்தொகுப்பைக் காத்து வருகிறது. 1852-இல் வியன்னாவின் அரச அச்சகம், செடியை ஈயத் தகட்டில் அழுத்தி அச்செடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றது. இவற்றிலெல்லாம் நிறம் வெளியிலிருந்து வருவது. மையை மனிதன் பூசுகிறான். சுத்தியல் முறையிலோ இலையின் சாறே மை. ஜப்பானில் துணியின்மேல் இவ்வாறு செய்வதைத் 'தத்தாக்கிசோமே' என்பர். அடித்துச் சாயமேற்றுதல் என்பது அதன் பொருள்.

தன் சாற்றையே மையாகத் தரும் இலை! மறையுரைக்கு இதைவிட வேறென்ன உவமை வேண்டும்? அந்த ஞாயிற்றுக்கிழமை பதிவை உயர்த்திக் காட்டிப் பேசினேன். "துன்பம் கடவுளின் சுத்தியல். அவர் நம்மை அடிப்பது அழிக்கவன்று, நமக்குள் மறைந்திருக்கும் அழகை வெளிக்கொணரவே" என்றேன். மக்கள் உற்றுக் கேட்டார்கள். திருப்பலி முடிந்ததும் இருவர் மூவர் வந்து பாராட்டினார்கள். எனக்கும் மன நிறைவாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு ஒரு தாய் வந்து நின்றார். முந்தைய ஆண்டு சாலை விபத்தில் பத்தொன்பது வயது மகனை இழந்தவர். அடக்கச் சடங்கை நிறைவேற்றியவன் நானே.

"நல்லாத்தான் சொன்னீங்க சாமி. அடிக்கிறதுக்கு முன்னால அந்த இலையை யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். நான் விழித்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "அடிபட்டது என் பிள்ளை. என்னை அழகாக்குறதுக்கா கடவுள் அவனைக் கொண்டுபோனாரு?"

குருமடத்தில் தீமையின் புதிரைப் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். அந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. அவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

என் உவமையில் எங்கே பிழை? பதிவின் அழகை நுகர்பவர் பார்வையாளர். இலைக்கு அதில் பங்கில்லை. அது சக்கையாகிக் குப்பைக்குப் போயிற்று. நான் பேசியது பார்வையாளரின் இடத்தில் நின்று. அடிபட்டவரின் இடத்தில் நின்று பார்த்தால் அதே உவமை கொடுமையாகத் தெரிகிறது. யோபுவின் நண்பர்களும் இப்படித்தான் தவறினார்கள். ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபின்தான் அவனுக்குப் பாரமானார்கள். இறுதியில் கடவுள் கடிந்துகொண்டது, தம்மோடு வழக்காடிய யோபுவின் நண்பர்களை, தமக்காக வாதாடியவர்களை.

விவிலியத்திலேயே இத்தகைய உவமைகள் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். நெருப்பில் புடமிடப்படும் பொன்னும், மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியும் அங்கே உண்டு. ஆனால் கோதுமை மணியைப் பற்றி இயேசு கூறியபோது, தம் சாவைக் குறித்தே கூறினார். தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றிப் பவுலடியார் எழுதியதும் தம்மைப் பற்றியே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 மே 13 அன்று சுடப்பட்டு உயிர் பிழைத்தவர். துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றி 1984-இல் திருத்தூது மடல் எழுதியபோது, நோவறியாதவராக அவர் எழுதவில்லை. எல்லாத் துன்பமும் குற்றத்தின் தண்டனையன்று என்பதை யோபுவைக் கொண்டே அவர் விளக்கினார். தன் காயத்துக்குப் பொருள் காண ஒருவருக்கு உரிமை உண்டு. பிறருடைய காயத்துக்குப் பொருள் கூறி அதை அவர் கையில் திணிக்க எனக்கு உரிமை இல்லை. குரு என்பதால் அந்த உரிமை வந்துவிடாது.

இன்னொன்றும் புரிந்தது. பச்சையத்தைச் சுத்தியல் உண்டாக்கவில்லை. இலை வெயிலில் நின்று வளர்ந்த நாள்களில் அது உண்டாயிற்று. அந்தத் தாயின் பொறுமையையும் செபத்தையும் நாங்கள் வியந்ததுண்டு. அவை மகனின் சாவு தந்த பரிசுகள் அல்ல. அவனை வளர்த்த பத்தொன்பது ஆண்டுகளில் ஊறிய அன்பு அது. சாவு அதை வெளியே தெரியும்படி செய்தது. அதற்காகச் சாவுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. தீமையிலிருந்தும் நன்மையை வருவிக்கக் கடவுள் வல்லவர் என்று திருச்சபை போதிக்கிறது. அதனால் தீமை நன்மையாகிவிடுகிறது என்று அது போதிக்கவில்லை.

அப்படியானால் அந்த மண்டபத்தில் கடவுளை எங்கே தேடுவது? பெரிய வெள்ளியன்று சுத்தியல் ஓங்கியவர்கள் உரோமைப் படைவீரர்கள். நம் ஆண்டவர் சுத்தியலுக்கு அடியில் கிடந்தார். சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையையும் நினைத்துப் பார்க்கிறேன். வெரோணிக்காவின் துணியில் இயேசுவின் திருமுகம் பதிந்தது என்பது நற்செய்தி நூல்களில் இல்லாத மரபு. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நாம் முழந்தாளிட்டுத் தியானிக்கும் மரபு. அந்தப் பதிவுக்கு அடி தேவைப்படவில்லை. இரத்தமும் வியர்வையும் வழிந்த முகத்தை ஒரு பெண் துடைத்தாள், அவ்வளவே. ஏன் துன்புறுகிறீர் என்று அவள் விளக்கம் சொன்னதாக மரபிலும் இல்லை.

சில நாள் கழித்து அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். பிறகு மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவன் மிதிவண்டி பழகிய கதை, பீடச் சிறுவனாக இருந்தபோது மணியை நேரந்தவறி அடித்த கதை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டுக் கொண்டிருந்தேன். நான் பேசியது மிகக் குறைவு. புறப்படும்போது, "அடுத்த மாசம் அவன் நினைவு நாளு, பூசை வையுங்க சாமி" என்றார்.

பிள்ளைகள் தந்த அந்தப் பதிவு என் செபப் புத்தகத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டுப் பச்சை மங்கி, இப்போது பழுப்பாகிவிட்டது. துயர வீட்டுக்குப் புறப்படும் நாள்களில் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுப் போகிறேன்.