குணச்சொல்லும் குடிப்பிறப்பும்

மனித இயல்பைச் சுட்டும் சொல்லுக்கு அகராதி தரும் பொருளை நடுநிலையான தீர்ப்பாகக் கொள்வதே கற்றோர் வழக்கம். அத்தீர்ப்பை முதலில் வழங்கியோர் யாவர் என்பது பெரும்பாலும் வினவப்படுவதில்லை.

ஆங்கிலத்தின் 'வில்லன்' என்னும் சொல்லை நோக்குக. அது கொடியவனைக் குறிப்பதைத் தமிழ்த் திரைப்பட ரசிகனும் அறிவான். ஆனால், பண்ணையைக் குறித்த 'வில்லா' என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த காலத்தில், நிலப்பிரபுவின் நிலத்தோடு சட்டத்தாற் பிணிக்கப்பட்டிருந்த குடியானவனுக்கே இப்பெயர் வழங்கிற்று. அவன் இழைத்த குற்றம் யாது? எழுதுகோல் அவன் கையில் இருக்கவில்லை. மறுபுறம், நற்குடிப் பிறப்பை உணர்த்திய 'ஜென்டில்' நாளடைவில் மென்மையையும் பண்பையும் குறிக்கலாயிற்று. தகுதிநிலையைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாக மாறும் இப்போக்கினை சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் விளக்கியுள்ளார். உயர்ந்தோரிடம் உயர்ந்த ஒழுக்கத்தை எதிர்பார்த்ததன் விளைவே இது எனச் சமாதானம் கூறலாம். குடியானவனுக்கு அச்சமாதானம் போதாது.

வழக்கைப் பதிவதே அகராதியின் கடன் என்பர். உண்மையே. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஒக்ஸ்போட் பேரகராதி, பழம்பொருள் தொட்டு ஒவ்வொன்றையும் ஆண்டு குறித்த மேற்கோள்களுடன் நிரைப்படுத்திற்று. அங்கே குடியானவனின் வழக்கும் கேட்கப்படுகிறது. மாணவன் கையிலுள்ள சிற்றகராதியோ இறுதித் தீர்ப்பை மட்டுமே வாசிக்கிறது. வரலாற்றாசிரியர் அக்குடியானவனைக் குறிக்க எழுத்தொன்றை மாற்றி 'வில்லெயின்' என்கின்றனர். இரண்டும் ஒரே சொல் என்பதை அறியாமலே மாணவன் ஒன்றை வரலாற்றிலும் மற்றதை நாடகத்திலும் கற்கின்றான்.