அப்பழுக்கற்றவர்

எமது நினைவு மலர்களைப் புரட்டும்போது ஒரு சொல் தவறாமல் கண்ணில் படுகிறது: அப்பழுக்கற்றவர். மரணித்தவர் அதிபரோ வர்த்தகரோ அரசியல்வாதியோ, எல்லோருக்கும் அதே சொல்தான்.

அழுக்கே ஒட்டாதவர் என்பது அதன் பொருள். இதற்கு மிக நெருங்கிய அரபுச் சொல் மஃசூம், பாவத்திலிருந்து காக்கப்பட்டவர். அஹ்லுஸ் ஸுன்னா அறிஞர்கள் இத்தகுதியை நபிமாருக்கே உரியதாகக் கொண்டனர். நாம் பிள்ளைகளுக்கு மஹ்சூம் என்று பெயர் வைப்பது பெற்றோரின் துஆ. அதை நற்சான்றிதழாக யாரும் எண்ணுவதில்லை.

ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோட்ட முஹத்திஸுகளும் பாவமே செய்யாதவரைத் தேடவில்லை. தேடியிருந்தால் அறிவிப்பாளர் எவரும் தேறியிருக்கமாட்டார். நேர்மையும் நினைவாற்றலும் உடையவரைத் 'திகா', நம்பகமானவர் என்றனர். குறை கண்டவிடத்துக் குறையென்றே எழுதினர். அதைப் புறம் பேசுதலாகக் கருதவில்லை.

சாதாரண மனிதருக்குப் பொருந்தும் சொல் அமீன் என்றே நான் நினைக்கிறேன். நுபுவ்வத்துக்கு முன்பே மக்காவாசிகள் நபியவர்களை (ஸல்) அல் அமீன் என்றழைத்தனர். கொள்கையிலே பகைத்த பின்னரும் தமது பொருட்களை அவரிடமே அமானிதம் வைத்தனர். 622இல் ஹிஜ்ரத் புறப்படுகையில், அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரழி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றதாக ஸீறா நூல்கள் கூறும். ஊரைவிட்டே துரத்தியவர்களின் பொருளுக்கும் கணக்கு இருந்தது.

அப்பழுக்கற்றவர் என்று சொல்ல இன்னொரு மனிதர் தேவையில்லை. அமீன் என்று சொல்ல, பொருளை ஒப்படைத்தவர் ஒருவர் வேண்டும், சாட்சி அவருடையது. பள்ளிவாசலை நிருவகிப்போரை நாம் 'நம்பிக்கையாளர்' என்பதிலும் இந்தக் கருத்தே இருக்கிறது.

மரணித்தவரின் நன்மைகளைத்தானே பேசவேண்டும் எனலாம். பேசுவோம். ஆனால் நன்மையைச் சொல்வது வேறு, குறையே இல்லையென்று சாட்சி சொல்வது வேறு. பின்னதைச் சொன்னவுடன், அவரிடம் கூலி பாக்கியுள்ள தொழிலாளியும் வாப்பாவின் சொத்தில் பங்கு கிடைக்காத சகோதரியும் வாய்திறக்க முடியாமற் போகிறார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் நாம் செய்வதோ இதற்கு நேர்மாறானது. கொடுக்கல் வாங்கல் ஏதுமிருந்தால் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சபையில் அறிவிக்கிறோம். அந்த அறிவித்தலில் மையித்தின் மீது உண்மையான அக்கறை இருக்கிறது.

நினைவு மலருக்கு எழுதுவோரும் அதையே கேட்கலாம்: இவரிடம் யார் எதை ஒப்படைத்தார்கள்? அது திரும்பக் கிடைத்ததா? விடை ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடலாம். அந்த ஒரு பக்கத்தை அவருடைய பிள்ளைகள் தயக்கமின்றி வாசிப்பார்கள்.