ஊர் காட்டுதல் சுமையா? தொண்டா?

ஆடி, ஆவணி மாதங்கள் வந்துவிட்டால் கல்முனைப் பகுதிக் கிராமங்களில் வீடுகள் நிறைந்துவிடும். மேலைநாடுகளில் அது பாடசாலை விடுமுறைக் காலம். இலண்டன், சுவிஸ், கனடா என்று பல இடங்களிலும் வாழும் உறவினர்கள் பிள்ளை குட்டிகளுடன் வந்திறங்குவர். திருக்கோவில் ஆடியமாவாசைத் தீர்த்தம் முடிந்த மறுநாளே, "மாமா, மட்டக்களப்பு பார்க்கப் போவமா?" என்ற கேள்வி எழும். மாமாவும், "ஓம், அதுக்கென்ன, போவம்" என்பார். வாய் சொல்வதை உள்ளம் சொல்வதில்லை.

அதற்குக் காரணங்களும் உண்டு. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பயணம். வான் பிடிக்க வேண்டும். அன்றைய வயல் வேலையை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டும். மருதமுனையில் கைத்தறிப் புடைவை வாங்க ஒரு மணி நேரம் செல்லும். பின்னர் கல்லடிப் பாலம், கோட்டை, மாமாங்கேஸ்வரர் ஆலயம், வெளிச்சவீடு. சென்ற வருடமும் இதே இடங்கள், அதற்கு முதல் வருடமும் இதே இடங்கள். "கோட்டை 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, பழைய பாலம் 1924இல் திறந்தது" என்று வாய்ப்பாடு ஒப்புவிப்பது போலச் சொல்லி முடித்துவிடுகிறார்.

அலுப்பு மாத்திரமா காரணம்? இல்லை. உள்ளே ஒரு மனத்தாங்கலும் உண்டு. 1990ஆம் ஆண்டின் அவலத்தையும், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிய காலத்தையும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் ஊரில் இருந்தே அனுபவித்தவர் ஒருவர். தூரதேசத்தில் இருந்து தொலைபேசியில் அழுதவர் மற்றவர். பின்னவர் கமராவுடன் வந்து நிற்கும்போது, முன்னவர் தம்மை வழிகாட்டியாகவும் சாமான் சுமப்பவராகவும் எண்ணிக் குமைகிறார்.

இவ்வாறு மனமின்றிச் செய்யும் உபசாரத்தால் பயன் உண்டா என்பதே கேள்வி. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் கொடுத்தலை மூவகையாகப் பிரிக்கின்றது. கடமை என்று கருதி, கைம்மாறு எண்ணாமல் கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்பார்த்தோ மனவருத்தத்துடனோ கொடுப்பது ராஜசம். மதிப்பின்றி இகழ்ந்து கொடுப்பது தாமசம். மனமின்றிக் கொடுப்பது கடைநிலை அன்று, இடைநிலை என்பது இதனால் புலனாகும். மனித மனம் அலுப்பது இயல்பு. ஆனால் அந்த அலுப்பு ஏளனமாக மாறி முகத்திலும் சொல்லிலும் வெளிப்படும்போதுதான் கொடை கெடுகின்றது. திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தை அடுத்து இனியவை கூறல் அதிகாரத்தை வைத்திருப்பதும் சிந்திக்கத்தக்கது.

இடைநிலையில் இருப்பவர் மேல்நிலைக்கு ஏறுவது எப்படி? விடை ஆலயத்திலேயே இருக்கின்றது. மூலஸ்தானத்தில் நிற்கும் குருக்கள் சுவாமியின் திருமுகத்தை நாள்தோறும் அருகில் நின்று காண்கிறார். அவர் தீபம் காட்டும்போதுதான் இருளில் இருக்கும் அத்திருமுகம் வெளியில் நிற்பவருக்குத் தெரிகின்றது. "நேற்றும் காட்டினேனே" என்று அவர் அவசரமாகத் தட்டை இறக்கிவிட்டால், கடல் கடந்து வந்து நிற்கும் அடியார் எதைக் காண்பார்? காட்டுபவருக்கு அது ஆயிரமாவது தீபம். காண்பவருக்கோ முதலாவது தீபம்.

ஊர் காட்டுவதும் அத்தகையதே. கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளவில் சுவாமி விபுலானந்தரின் சமாதி உள்ளது. 1892இல் காரைதீவில் பிறந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, 'யாழ் நூல்' தந்து, 1947இல் மறைந்தவர் அவர். உள்ளூரவர் பல முறை கடந்துபோன இடம் அது. ஆனால், "இவர் அம்மம்மாவின் ஊருக்குப் பக்கத்து ஊரவர்" என்று கேட்கும் அயல்நாட்டில் பிறந்த பிள்ளைக்கு, தான் எங்கிருந்து வந்தோம் என்பது அங்கேதான் முதன்முதலில் விளங்குகிறது. மனத்தாங்கல் கொண்ட மாமா வாய் மூடினால், அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? ஊரைப் பிரிந்தவரும் விரும்பிப் பிரிந்தவர் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

இதனால் கடன்பட்டாவது ஊர் காட்ட வேண்டும் என்பதில்லை. இயலாத அன்று, "இண்டைக்கு வயலில வேலை, நாளைக்குப் போவம்" என்று நேராகச் சொல்வது குற்றமாகாது. வருபவரும் வான் கூலியைக் கேளாமலே பகிர்ந்துகொள்வதும், வீட்டுப் பிள்ளையின் பரீட்சை நாளை அறிந்து நடப்பதும் அவர்தம் கடமை. ஆனால் போவதென்று புறப்பட்ட பின், கையில் இருப்பது தீபத்தட்டு என்று எண்ணிப் புறப்படுதல் வேண்டும். கை நடுங்கலாம், கால் நோகலாம். தீபம் திருமுகத்தின் நேரே நின்றால் போதும்.

அந்த மனத்தை அம்பாள் அனைவருக்கும் அருள்வாளாக.