நோயுற்றவரின் தீர்மானமும் நமது உபதேசமும்

மார்பில் ஒரு சிறு கட்டி. பரிசோதித்ததில் புற்றுநோய், ஆயினும் தொடக்க நிலை. டாக்டர் இரு வழிகளைக் கூறுகிறார். மார்பு முழுவதையும் நீக்கலாம். அல்லது கட்டியையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியையும் மட்டும் நீக்கி, எஞ்சிய மார்புக்குக் கதிர் சிகிச்சை அளிக்கலாம். இவருக்கு இரண்டும் பொருந்தும். எதனைத் தேர்ந்தாலும் ஆயுளில் வேற்றுமை காணப்படவில்லை என்கிறார். நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் இந்நிலையில் இருப்பதாகக் கொள்வோம். அவரிடம் நம்மவர் முதலிற் சொல்லுவது யாது? "உடல் அநித்தியம் அன்றோ! அழியும் உறுப்புக்காக வருந்துவது பற்று, முழுவதையும் எடுத்துவிடுங்கள்" என்பதே. தன்மத்தின் பெயரால் சொல்லப்படுவதால் இச்சொல்லை ஆராய நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அநித்தியம் மெய்யே. ஆனால் அது ஒவ்வொருவரும் தம் உடலைக் குறித்துத் தாமே எண்ணிப் பார்க்க வேண்டியது. தம் பல்லொன்று வலித்தால் இரவெல்லாம் உறங்காத உபாசகர், மற்றொருத்தியின் மார்பைக் குறித்து அநித்தியம் பேசுவது மிக எளிது! உடலை வருத்தும் தவத்தைப் பயனற்றதென விட்டவர் பகவன். தாம் நோயுற்றபோது ஜீவகரின் மருந்தை ஏற்றவர். அவர் பெயரால் உடலை இகழ்தல் பொருந்தாது.

வேறு சிலர் முற்பிறப்பின் வினை என்பர். இதனினும் கொடிய சொல் இல்லை. வேதனைகள் பித்தத்தாலும் கபத்தாலும் வாதத்தாலும் பருவ மாறுதலாலும் தோன்றுவதுண்டு. அனைத்தும் முன்வினையே என்போர் உண்மையைக் கடந்து பேசுகின்றனர் எனச் சீவகன் என்னும் துறவிக்குப் பகவன் விளக்கியுள்ளார். நம்மைச் சேரிக்குள் அடைத்தவர்கள் காட்டிய காரணமும் முன்வினையே. அதனை உதறி வந்த நாம் நோயாளியின் கட்டிலருகே அதனையே எடுத்துரைப்பதா?

மருத்துவ வரலாறும் இங்கு நமக்கு ஒன்று சொல்லுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பையும் அதன்கீழுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையைப் பரப்பினார். ஆசான் சொன்னார், மாணாக்கர் செய்தனர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே வழக்கமாயிற்று. 1970-களில் இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இதனைச் சோதனைக்கு உட்படுத்தினர். எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதைக் குலுக்கலைப் போன்ற முறைக்கு விட்டுவிடப் பெண்கள் பலர் இசைந்தனர். இருபது ஆண்டுகள் கடந்தபின், 2002-இல், முடிவுகள் வெளிவந்தன: மார்பைக் காத்தவர்களும் இழந்தவர்களும் உயிர்வாழ்ந்த அளவில் வேற்றுமை இல்லை. ஆனால் ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் நீக்கிக் கதிர் பெறாதவருள் நூற்றுக்கு 39 பேருக்கு அம்மார்பிலேயே நோய் மீண்டது. கதிர் பெற்றவருள் 14 பேருக்கே மீண்டது. ஆகவே மார்பைக் காக்க விரும்புவோர் கதிர் சிகிச்சையைப் பெரும்பாலும் விலக்க இயலாது.

காலாமருக்குப் பகவன் உரைத்ததும் இத்தகைய ஆராய்ச்சியே. வழிவழி வந்தது என்றோ, ஆசான் மொழி என்றோ ஏற்காதீர் என்றார். அதனுடன் அறிவுடையோர் எதனைப் பழிப்பர், எதனைப் புகழ்வர் என்று பார்க்கவும் சொன்னார். இப்பிற்பகுதியை நம்மவர் மறந்துவிடுகின்றனர். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர் என்பதைக் காட்டி, லேகியத்தால் கட்டியைக் கரைப்போம் என்று மாதங்களைக் கடத்துவது காலாமர் வழியன்று. ஓரிரு வாரம் ஆலோசிப்பது வேறு. தைத்த அம்பை எய்தவன் யார் என்று கேட்டுக்கொண்டே கிடப்பது வேறு.

இரு வழிகளிலும் ஆயுள் சமமாயினும் சுமை சமமன்று. மாரிக்குப்பத்துச் சகோதரிக்குக் கதிர் சிகிச்சை என்றால், வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஆறு வாரம், பெங்களூர் செல்ல வேண்டும். 2001-இல் சுரங்கம் மூடியபின் நம்மவர் வேலைக்குப் போகும் அதே வைகறை ரயிலில் அவரும் நிற்க வேண்டும். கூலி போகும், அடுப்பெரிக்க ஆளிராது. இவற்றை எண்ணி ஒருவர் மார்பை இழக்க இசையலாம். மற்றொருவர் எப்பாடுபட்டேனும் காக்க விரும்பலாம். மீண்டும் வருமோ என்னும் அச்சமே பெரிதாகி முழுவதையும் நீக்கச் சொல்பவரும் உண்டு. இவர்களுள் எவரும் பற்றுள்ளவரென்றோ கோழையென்றோ பழிக்கத்தக்கவர் அல்லர். கணவரும் மாமியாரும் சங்கத் தலைவரும் கருத்துரைக்கலாம். கையொப்பம் மட்டுமன்று, தீர்மானமும் அவருடையதாக இருத்தல் வேண்டும்.

ஆயினும் ரயில் கட்டணத்துக்கு வழியின்றி ஒருவர் மார்பை இழப்பாராயின், அதனை அவருடைய தீர்மானம் என்று நாம் கூறத் தகுமா? வைசாக பூர்ணிமைக்குத் தோரணம் கட்டச் சேரும் தொகையில் ஒரு பகுதி சில வாரப் பயணத்துக்குப் போதும். உடன் செல்ல நாளுக்கொரு பெண்மணி; பிள்ளைகளுக்குச் சோறிட அண்டை வீடு இரண்டு. பரித்தம் ஓதச் செல்பவர்கள் இவற்றையும் கேட்டறிந்து வருவார்களாக.