வழக்குத் தொடுக்க முடியாதவர்கள்

திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள பெப்சி, கோக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க, 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. உபரி நீரைத்தான் கொடுக்கிறோம் என்றது அரசுத் தரப்பு. 2017 மார்ச் 2 அன்று மனுக்கள் தள்ளுபடியாகி, தடையும் நீங்கியது. தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்தது என்று அரசே அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் எடுத்த முடிவு முந்தைய நாள்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த வழக்கைப் பொறுத்தவரை சட்டம் பேச வேண்டியதைப் பேசிவிட்டது. சட்டம் இடங்கொடுத்ததைச் செய்தவர் அதற்கு மேலும் யாருக்காவது பதில் சொல்ல வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

தொழில் நிறுவனங்கள் இன்று சட்டத்தை ஓர் இடராகவே பார்க்கப் பழகிவிட்டன. யார் வழக்குப் போடுவார்கள், தடை வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எத்தனை நாள் உற்பத்தி நிற்கும், அபராதம் எவ்வளவு என்று கணக்கிட்டு அதற்கேற்ப முன்னேற்பாடு செய்கிறார்கள். கவனமாகப் போடப்படும் கணக்குத்தான். ஆனால் அது அளப்பது தீங்கை அன்று. தீங்குக்கு ஆளானவரின் வழக்காடும் வலுவை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதற்குக் கீழே கடைமடையில் பிசான நெற்பயிர் பொய்த்துப்போன விவசாயி, தன் வயலுக்கு வராத தண்ணீர் எங்கே போனது என்று எப்படி நிரூபிப்பார்? இனிப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு வக்காலத்து ஏது? ஆற்றையே எடுத்துக்கொள்வோம். கோயில் தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர் என்பதை 1925இலேயே பிரிவி கவுன்சில் உறுதிசெய்தது; திருநெல்வேலிக் கோயிலின் நெல்லையப்பர் தம் நிலத்துக்காக வழக்காடலாம். 2018 அக்டோபரில் மகா புஷ்கர நீராட்டு விழாவின்போது தாய் என்று கும்பிட்டு லட்சக்கணக்கானோர் முழுகிய அதே ஊரின் ஆற்றுக்கு அந்த உரிமை இல்லை. கங்கையையும் யமுனையையும் நபர்களாக அறிவித்து உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் ஜூலையில் நிறுத்திவைத்தது. ஆறு நபராக வேண்டுமா என்பது தனி விவாதம். வழக்குத் தொடுக்க முடியாதவருக்கு எதிரே இடர்க் கணக்கு பூஜ்யம் போடுகிறது. அந்தப் பூஜ்யத்தைத் தீங்கே இல்லை என்று படித்துக்கொள்வதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஆற்றின் மொத்த ஓட்டத்தில் ஆலைகள் எடுப்பது சொற்பம் என்பார்கள். மழை பெய்த ஆண்டில் அது சரிதான். 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனமும் பல மாவட்டங்களின் குடிநீரும் நம்பியிருக்கும் ஆற்றில், வறட்சி ஆண்டில் எது உபரி? இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அனுமதி பெற்று, கட்டணம் கட்டி, நீதிமன்றத்திலும் வென்ற ஒருவரை அறத்தின் பெயரால் குற்றவாளி ஆக்கினால், நாளை அறம் என்பது கூட்டத்தின் கோபமாகிவிடாதா? இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் தண்டிக்கும் அதிகாரத்தைச் சட்டத்திடமே விட்டுவிட வேண்டும் என்கிறேன். அறம் யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. முடிவெடுக்க உட்கார்ந்திருப்பவரிடம், கையெழுத்துக்கு முன்பே கேட்டால் போதும். வாணிகம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் குறளை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணச் சொல்லும் அந்தக் குறளில், அந்தப் பிறர் வழக்காட வல்லவரா என்ற நிபந்தனை கிடையாது.

பங்குதாரர் பணத்தை வைத்து அறம் பார்க்க இயக்குநருக்கு என்ன உரிமை என்பது மிச்சமுள்ள கேள்வி. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 166ஆம் பிரிவு இயக்குநரின் கடமையைச் சொல்லும்போது பங்குதாரரோடு தொழிலாளரையும் சமூகத்தையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் சேர்த்தே சொல்கிறது. அதை மீறியதாகக் கடைமடை விவசாயி வழக்குப் போட்டு வெல்வது கடினம். ஆகவே இடர்ப் பட்டியலில் அந்தப் பிரிவு கடைசியில் கிடக்கும். ஆனாலும் கடமை கடமைதான். வறட்சி ஆண்டில் தண்ணீர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பு மேசைக்கு வரும்போது, நிறுவனத்தின் சட்டத் துறை தரும் ஒப்புதலோடு ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே மடை திறந்ததா என்ற தகவலையும் கேட்டு வாங்க இயக்குநருக்குத் தடையொன்றும் இல்லை.