எனக்கு இதுவே போதும்

காஞ்சீபுரத்துக்குப் போய்விட்டு வந்து, பட்டுப் புடவையைப் பற்றி எழுதாமல் நைந்துபோன ஒரு பருத்திப் புடவையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். அந்த ஊரில் எனக்கு ஏற்பட்ட ஒரு சந்தேகம் இன்னும் என்னை விட்டபாடில்லை. "எனக்கு இதுவே போதும்" என்று ஒருத்தி சொன்னால், அந்த வார்த்தையை நாம் நம்பலாமா, நம்பக்கூடாதா?

என் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. காந்தி ரோடில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடையில், அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட கோர்வைப் புடவை ஒன்றை எடுத்தோம். விலையை இங்கே எழுதினால் என் கணவர் படிக்கும்போது இன்னொரு முறை பெருமூச்சு விடுவார், ஆகையால் எழுதவில்லை. புடவை வாங்கியாகிவிட்டது, அது எப்படி நெய்யப்படுகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாமே என்று எனக்கு ஓர் ஆசை. தெரிந்தவர் ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார்.

வாசல் அறை முழுவதையும் தறியே அடைத்துக்கொண்டிருந்தது. குழித்தறி. வீட்டுக்காரர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்துக்கொண்டிருந்தார். கோர்வைப் புடவையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் அல்லவா? அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். கரை நூலும் உடல் நூலும் இழைக்கு இழை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் காஞ்சீபுரம் புடவையில் உடல் நைந்தாலும் கரை பிரிந்து வராது என்கிறார்கள். அந்த இன்னோர் ஆள் அந்த வீட்டில் அவருடைய மனைவி.

நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் அவள் எத்தனை முறை உட்கார்ந்தாள், எத்தனை முறை எழுந்தாள் என்று எண்ணப் பார்த்துக் கைவிட்டுவிட்டேன். நாடாவைத் தள்ளுவாள், அடுப்பில் ஏதோ கொதிக்கும், எழுந்து போவாள், வந்து ராட்டையில் தார் சுற்றுவாள், டியூஷனுக்குப் போகிற பையனுக்குச் சட்டைப் பித்தானைப் போட்டு அனுப்புவாள், மறுபடி நாடா. 2019-20இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, இந்தத் தேசத்தில் தறியையும் அதன் துணை வேலைகளையும் நம்பி இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். அடுப்பையும் பித்தானையும் எந்தக் கணக்கில் சேர்த்தார்களோ, எனக்குத் தெரியாது.

அவள் கட்டியிருந்தது வெளிறிப்போன நீலப் பருத்திப் புடவை. அந்தத் தெருவில் பாதிப் பேர் நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக இருந்ததால், அவள் புடவை என் கண்ணில் பளிச்சென்று பட்டது. பட்டு நெய்கிறவள் கந்தலைக் கட்டியிருக்கிறாள்! எழுத்தாளர்களுக்கு இது ஒரு வியாதி. அந்தக் கணமே என் மனம் உருக்கமாக ஒரு கதையை எழுதத் தொடங்கிவிட்டது. மகளுக்குப் பட்டுப் புடவை கட்டிக் கல்யாணம் செய்து கொடுக்க ஆசைப்படும் நெசவாளியைப் பற்றிப் பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படம் 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பிரகாஷ்ராஜின் முகம் வேறு என் மனசில் இருந்தது. போதாதா?

"ஏம்மா, நாளெல்லாம் இந்தப் பட்டோடயே இருக்கே. உனக்குன்னு ஒண்ணு கட்டிக்கத் தோணாதா?" என்று கேட்டேன். குரலில் எவ்வளவு கருணையைக் கலக்க முடியுமோ அவ்வளவும் கலந்திருந்தேன்.

அவள் சிரித்துவிட்டாள்.

"இது எங்களுது இல்லியேம்மா, சங்கத்துது. நெய்யிற கூலிதான் எங்களுக்கு. எனக்குக் கல்யாணப் பட்டு பீரோவுல இருக்குது. கருட சேவைக்குக் கட்டுவேன், யார் வூட்டுக் கல்யாணத்துக்காவது கட்டுவேன். கட்டின ஒடனே எப்படா அவுப்போம்னு இருக்கும். எனக்கு இதுதாம்மா புடிச்சிருக்கு. இதுவே போதும்."

நான் நம்பவில்லை. பாவம், கௌரவத்துக்காகச் சொல்லுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் அவளுடைய முந்தானையைக் கவனிக்கக் கவனிக்க என் கதை கொஞ்சம் கொஞ்சமாகப் பிசுபிசுத்துப் போயிற்று. ஒவ்வொரு முறை பட்டு நூலைத் தொடுவதற்கு முன்னும் அவள் விரல்களை அந்த முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வேர்வையோ எண்ணெயோ பட்டால் பட்டில் கறை விழும். அதே முந்தானையால் அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கினாள். பையனுடைய மூக்கைத் துடைத்தாள். அதன் ஒரு முனையில் சாவியும் சில்லறையும் முடிந்திருந்தன. "நைலக்ஸு கட்டினா நூலு போய் ஒட்டிக்கும்மா. வேர்த்தா உடம்புல ஒட்டிக்கும். இது எல்லாத்தையும் குடிச்சிக்கும்" என்றாள். அது உடை மட்டுமல்ல. அவளுக்குக் கைக்குட்டை, பிடிதுணி, பணப்பை எல்லாம் அதுதான். பட்டுப் புடவையில் இவற்றில் ஒன்றாவது நடக்குமா? பட்டைக் கட்டினால் நாம்தான் அதற்கு ஊழியம் செய்ய வேண்டும். நாள் முழுதும் மற்றவர்களுக்கு ஊழியம் செய்கிறவளுக்கு, தனக்கு ஊழியம் செய்ய ஒரு துணியாவது வேண்டாமா?

பையன் திரும்பி வந்ததும் எங்களுக்கும் சேர்த்துப் பலகாரம் வந்தது. டம்ளர் இட்லி. வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகிற கோயில் இட்லியை நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள்: மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேர்த்த மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அதே சரக்குகளைப் போட்டு, நெய் தடவிய எவர்சில்வர் டம்ளரில் மாவை ஊற்றி, இட்லிப் பானைக்குள் நிறுத்திவைத்துவிட்டு நாடாவைத் தள்ள வந்துவிடுகிறாள். கோயில் இட்லிக்கு இது ஈடாகாது என்று சொன்னால்தான் நியாயம். இலை மணம் இல்லை. ஆனால் அந்தப் பையன் டம்ளரைக் கவிழ்த்துத் தட்டி, உயரமாக இட்லி விழுந்ததும் கை கொட்டினானே, அந்த ஆனந்தத்தில் குறை ஒன்றும் இல்லை.

புறப்படும்போதுதான் நடந்தது. என் பெண்ணுக்கு வளைகாப்பு என்று தெரிந்ததும் அவள் உள்ளே போய் மடித்த துணி இரண்டைக் கொண்டு வந்தாள். அவள் கட்டி நைந்த பருத்திப் புடவைகளைப் பாதியாகக் கிழித்து, ஓரம் மடித்துக் கையால் தைத்தவை. "ஏணை கட்டம்மா. புதுத் துணி புள்ளைக்குக் குத்தும். எங்க தெருவுல எந்தக் கொழந்த பொறந்தாலும் என் பொடவைதான்" என்றாள். நாங்கள் தூளி என்கிறதை அவர்கள் ஏணை என்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கை நீளவில்லை. ஒரு விநாடிதான், ஆனால் அந்த ஒரு விநாடி எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் பழம்புடவை என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாத்திரம் தேய்க்கிறவளுக்குக் கொடுக்கிற பொருள். பழம்புடவை மேலிருந்து கீழேதான் போகும். கீழிருந்து மேலே வந்து நான் கண்டதில்லை. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் போடுவதுதான் எங்கள் வழக்கமும். ஆனால் அது சொந்தப் பாட்டியின் புடவையாக இருக்கும். வாங்கிக்கொண்டேன். பையின் அடியில், பட்டுப் புடவைப் பெட்டிக்குக் கீழே வைத்தேன்.

திரும்பும் வழியில் என் அம்மா நினைவுக்கு வந்தாள். என் முதல் நாவலுக்குக் கிடைத்த பணத்தில் அவளுக்குக் காஞ்சீபுரம் பட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "எதுக்குடி இது? எனக்கு இருக்கிறதே போதும்" என்றாள். இரண்டு முறை கட்டியிருப்பாள். அவள் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், மடிப்பில் ஜரிகை ஒடிந்து புடவை அப்படியே இருக்கிறது. அவளுடைய தியாகத்தை நினைத்து நானும் என் தங்கையும் அழுதோம். கொஞ்ச நாள் கழித்து என் சித்தி, பேச்சோடு பேச்சாக, "அக்காவுக்குக் கடைசி ஏழெட்டு வருஷம் கண்ணாடி சரியா இல்லேடி. படிக்க முடியலேன்னு ரொம்பக் குறைப்பட்டுப்பா" என்றாள்.

நான் நாவல் எழுதுகிறவள். என் அம்மாவால் அவற்றைப் படிக்க முடியவில்லை. ஒரு கண்ணாடிக்கு என்ன விலை!

அம்மா புடவையைப் பற்றிச் சொன்னது பொய்யல்ல. அவளுக்கு நூல் புடவைதான் பிடித்திருந்தது. நாங்கள்தான் அதைத் தியாகம் என்று பெயரிட்டுக் கும்பிட்டோம். கும்பிடுவது சுலபம் அல்லவா? கும்பிட்டுவிட்டால் அப்புறம் எதையும் கேட்க வேண்டியதில்லை.

எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்ற நரியின் கதை நமக்குத் தெரியும். ஜான் எல்ஸ்டர் என்ற நார்வே நாட்டு அறிஞர் 1983இல் 'புளித்த திராட்சை' என்றே பெயர் வைத்து ஒரு நூல் எழுதினார். கிடைக்காததை வேண்டாம் என்று மனசு தானாகவே பழகிக்கொள்ளும். அப்படிப் பழகிய விருப்பத்தை விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவர் கேள்வி. அமர்த்திய சென்னும் இதே எச்சரிக்கையைச் செய்கிறார்: வெகு காலம் இல்லாமையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அவர்களுக்குக் குறையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்று. நியாயமான எச்சரிக்கைதான். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் காந்திஜி அரைத் துணியோடு வெளியே வந்தபோது அது விரதம் ஆயிற்று. வேறு உடுத்த முடிந்தவர் வேண்டாம் என்று விட்டார். அதே அரைத் துணியோடு வயலில் நின்றவனுக்கு அது விரதம் அல்ல, வறுமை.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பேரறிஞர்களை வைத்துக்கொண்டு நான் பிள்ளையார்பாளையத்துப் பெண்ணிடம் போய், "நீ சொல்வது உன் விருப்பம் அல்ல, உன் வறுமை பேசுகிறது" என்று சொல்ல முடியுமா? நானும் வீட்டில் கிழிந்த வாயில் புடவைதான் கட்டுகிறேன். என்னிடம் யாரும் வந்து, பாவம், வறுமை பேசுகிறது என்று சொல்வதில்லை. பணம் உள்ளவள் சொன்னால் ருசி, இல்லாதவள் சொன்னால் ஏமாற்றம் என்றால், ஏழைக்குச் சொந்தமாக ஒரு ருசிகூட இருக்கக் கூடாதா என்ன? அவளை நம்பாமல் இருப்பது ஒரு அவமரியாதை. நம்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவதோ எனக்கு மிகவும் சௌகரியமாக இருக்கிறது; அந்தச் சௌகரியமே எனக்குச் சந்தேகத்தைக் கொடுக்கிறது.

பேத்தி பிறந்தாள். மருமகன் வெளிநாட்டிலிருந்து தருவித்த தொட்டிலில் அவள் படுக்க மறுத்தாள். வாங்கிய புதுத் துணியில் தூளி கட்டினோம், அதிலும் அழுகை. மூன்றாம் நாள் இரவு, வேறு வழியில்லாமல், பையின் அடியிலிருந்து அந்த நீலத் துணியை எடுத்தேன். மேலே நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த நிசப்தத்தின் அருமை தெரியும்.

ஒரு மாதம் கழித்து இனிப்புப் பெட்டியோடு மறுபடி காஞ்சீபுரம் போனேன். அம்மாவிடம் கேட்காத கேள்வியை அவளிடம் கேட்டேன்.

"புடவை போதும்னே, சரி. எதும்மா உனக்குப் போதலே?"

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு தரையைக் காட்டினாள். பதில் ஏற்கனவே தயாராக இருந்தது போலக் கடகடவென்று வந்தது.

"தறிக்குழிம்மா. ஐப்பசி கார்த்திகையில தண்ணி ஊறுது. பாவு ஈரம் புடிச்சா நூலு அறுந்துபோவுது. தறி நின்னா கூலி நின்னுது. தரைய ரெண்டடி ஒசத்தணும். நாலு வருசமா சொல்லிக்கினு இருக்கோம், முடியல."

நான் முதல் தடவை வந்தபோதும் அந்தத் தரை அங்கேதான் இருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக் கறையும் இருந்தது. நான் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கொடுக்க முன்வந்த பணத்தை அவள் கணவர் கைகூப்பி மறுத்துவிட்டார். "பொடவ வேணும்னா சங்கத்துக் கடையில எடுங்கம்மா, அதான் எங்களுக்கு வேல" என்றார். இன்னும் ஒரு புடவை எடுத்தால் அவர் வீட்டுத் தரை எத்தனை அங்குலம் உயரும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடைமழை. நாலாம் நாள் டெலிபோனில் கூப்பிட்டேன்.

"வந்திடுச்சும்மா தண்ணி. தறி நிக்குது. பாவ மேல தூக்கிக் கட்டிட்டோம்" என்றாள். பின்னால் வாளியால் தண்ணீர் இறைத்துக் கொட்டும் சத்தம் கேட்டது. "அத விடுங்க. பாப்பா ஏணையில நல்லாத் தூங்குதா? அந்தத் துணி இன்னும் ஒரு வருசம் தாங்காது. இப்பக் கட்டிக்கினு இருக்கறது நல்லா மெத்துன்னு ஆயிருக்குது. மழ விட்டதும் தச்சு வெக்கிறேன்."